தம்பிக்கு வந்த ஆசி

யூத அடக்கக் குழுவின் ஆள் கத்தியால் கெதல்யாவின் சட்டையில், இடது மார்பில் ஒரு கீறல் போட்டுவிட்டு, "மிச்சத்த நீங்களே கிழிங்க" என்றார். கெதல்யா பிடித்து இழுத்தார். செத்துப்போன பெற்றவர்களுக்காகக் கிழித்த சட்டையை யாரும் பழையபடி தைத்துக்கொள்வதில்லை. அடுத்து தம்பி நப்தலி சட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். ஹைஃபாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். இரவல் குல்லா தலையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மதமே வேண்டாம் என்று குல்லாவைக் கழற்றி வைத்தவனை அப்பா வீட்டைவிட்டே அனுப்பினார். அதற்கப்புறம் அவன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கெதல்யாதான் கூடவே இருந்தார். குளிப்பாட்டினார், ஊட்டினார், அப்பாவுக்குப் பார்வை போன பிறகு வேதத்தைப் படித்துக் காட்டினார். கண் மங்கிய தகப்பன் ஈசாக்கிடம் யாக்கோபு அண்ணன் வேஷத்தில் போய் ஆசியைத் தட்டிக்கொண்டு வரும் இடத்தில் அப்பா எப்போதும் நிறுத்தச் சொல்வார்.

"ஏமாத்தினவன விடுடா. அப்புறம் வந்து அழுதானே அண்ணன்காரன் ஏசா, அவனப் பாரு."

போன வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் விளக்கேற்றிய பிறகு, கெதல்யா வழக்கம்போல் ஆசி வாங்கக் குனிந்தார். அப்பாவின் விரல்கள் முகத்தைத் தடவின.

"நப்தலியா? வந்துட்டியாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். கெதல்யா "ஆமாப்பா" என்றார். அப்பா இரண்டு கையையும் தலையில் அழுத்தி, "தப்பு என்மேலதான்டா" என்று அழுதார். இந்த அறுபது வயதில், அந்தக் கை தன்மேல் அப்படி அழுந்தியது அதுதான் முதல் தடவை. விட மனசு வரவில்லை.

சஃபேத் மலைச்சரிவில், துணியில் சுற்றிய அப்பாவின் உடலைக் குழிக்குள் இறக்கினார்கள். நப்தலி கிட்டே வந்தான்.

"அண்ணா, என்னப் பத்தி எதாவது கேட்டாரா?"

"கடைசியில நெனவே இல்லடா."

"ஒரு வார்த்தகூடவா?"

கெதல்யா மண்வாரியை எடுத்தார். அள்ளி அள்ளிப் போட்டார். நாலாவது அள்ளலில் மூச்சு வாங்கியது. தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. திரும்பி, மண்வாரியைத் தம்பியின் கையில் நீட்டினார்.

"போன வெள்ளிக்கிழமை..."

"கையில குடுக்காதீங்க" என்று அதட்டினார் அடக்கக் குழு ஆள். "மண்ணுல குத்தி வைங்க, அவரே எடுத்துப்பாரு. துக்கத்தக் கைமாத்தக் கூடாது. உங்களுக்கே தெரியாதா?"

கெதல்யா குத்தி வைத்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன?" என்றான் நப்தலி.

"ஒண்ணுமில்ல. எடு, எல்லாரும் நிக்கிறாங்க."

நப்தலி மண்வாரியைப் பிடுங்கி, திருப்பிப் பிடித்தான். புதைக்க மனசில்லை என்று காட்ட, முதல் மண்ணைப் பின்பக்கத்தால்தான் அள்ள வேண்டும். கெதல்யா அதை மறந்தே போயிருந்தார். பின்பக்கத்தில் மண் நிற்கவில்லை. பாதி வழியிலேயே சரிந்து நப்தலியின் ஷூமேல் கொட்டியது. அவன் மறுபடியும் பின்பக்கத்தாலேயே அள்ளினான்.