கால் பவர் கூடுதல்

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் உலகம் இல்லை. மூவருக்கும் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அப்பாவுக்கும் அப்படித்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைத்த மனிதர், போகும்போது கடையையும் கண்ணையும் எங்களுக்கே விட்டுப்போனார். அக்கா உள்ளே இருட்டறையில் கண் பரிசோதிப்பாள். நடுவில் பிறந்த நான் முன்பக்கம் ஃப்ரேம் விற்பேன். தங்கை பின்பக்கப் பட்டறையில் லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவாள்.

இருட்டறைக்கும் பட்டறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. பவரை எழுதிக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு அப்பா காலத்திலிருந்தே கிடையாது. அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள், தங்கை காதில் வாங்கிக்கொண்டு லென்ஸை எடுப்பாள்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவோம். மூக்குத்தண்டுக்கு ஓய்வு என்று தொடங்கியது, பிறகு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசுகிற நேரமாகிவிட்டது. கடை முழுக்க நிலைக்கண்ணாடி. ஷட்டருக்கு அடியில் வரும் வெளிச்சம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி எங்கும் கரைந்து நிற்கும். அக்கா ஒரு நீலக் கறை, தங்கை ஒரு மஞ்சள் கறை. கறைகளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். யார் முகம் எப்படிப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் குடும்பத்துக் காதல்கள் எல்லாம் அந்த மங்கலில்தான் பிறந்தன, அங்கேயே செத்தன. என் கணவரான பல் டாக்டரை விட்டு வரப்போகிறேன் என்று நான் சொன்னது அப்போதுதான். தங்கைக்கு நிச்சயித்திருந்தது அவருடைய தம்பியைத்தான். என் கல்யாணம் முறிந்ததும் அவளுடையதும் நின்றுபோனது. தங்கைக்கும் அந்தத் தம்பிக்கும் ஒரு சின்னச் சண்டைகூட இல்லை. எங்கள் சண்டைக்கு மரியாதை கொடுத்துப் பிரிந்தார்கள். அப்புறம் அவள் லென்ஸ் கம்பெனி விற்பனையாளர் ஒருவருக்குச் சரி என்று சொல்லியிருந்தாள். அது போதாதென்று பழைய தம்பிக்காரரிடமும் சரி என்று சொல்லிவிட்டு வந்து நின்றாள். பல் டாக்டரோ கண்ணாடியில் ஸ்குரூ கழன்றுவிட்டதென்று ஓயாமல் வந்துகொண்டிருந்தார். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அந்த ஸ்குரூ ஒரு நாளும் கழன்றதில்லை. அவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். வராத வாரம் இன்னும் எரிச்சலாக வரும்.

இத்தனைக்கும் அந்த நீலக் கறை ஒரே பதில்தான் சொல்லும். "சரி விடு, பாத்துக்கலாம்." அம்மா இல்லாத வீட்டில் எங்களை வளர்த்தவள் அவள். எங்கள் கண்ணீரைத் துடைத்துத் துடைத்தே அவளுக்கு முன்னந்தலை நரைத்துவிட்டது. அவளிடம் திருப்பி எதையும் நாங்கள் கேட்டதில்லை. அவளுக்கென்று ஒரு கதை இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தெரு எப்போதும் ஈரமாக, விளக்குகளைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டு கிடந்தது. அப்படியொரு நாளில்தான் சர்வேயர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரோடு போடுவதற்கு முன்னால் நிலத்தை அளந்து வரைபடம் போடுகிற வேலை. நெட்டையான ஆள், மனைவியை இழந்தவர், வரைபடத்தில் பொடிக் கோடுகள் தெரியவில்லை என்றார். பரிசோதனை முடிந்து கண்ணாடி வாங்கிப்போனார். அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

"கொஞ்சம் மங்கலா இருக்குங்க."

அக்கா மறுபடி பரிசோதித்தாள். லென்ஸ் மாற்றிக் கொடுத்தோம். அதற்கடுத்த வாரமும் வந்தார். எங்கள் கடைப் பொருளில் குறை என்றால் இலவசமாகவே மாற்றிக் கொடுப்போம் என்பதால் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். புதிதாகப் போட்ட கண்ணாடியை நான் காதில் மாட்டிவிடும்போதெல்லாம் அந்த மனிதரின் முகம் வாடிப்போகும். சரி, இதுவும் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உள்ளே அக்காவின் குரல் மட்டும் கேட்கும். "இது நல்லா இருக்கா? இல்ல, இது நல்லா இருக்கா?" இருட்டில், எழுத்துப் பலகையின் சின்ன வெளிச்சத்தில், அந்தக் கேள்வியை அவள் மெல்ல மெல்லக் கேட்பாள். மற்றவர்களைச் சட்டென்று முடித்து அனுப்புகிறவள், அவரிடம் மட்டும் அவசரமே படமாட்டாள். மழைச் சத்தமும் அவள் குரலும் கலந்து வரும்போது எனக்கே கண் சொக்கும். கடையில் நிற்கிறேனா, கனவில் நிற்கிறேனா என்று புரியாது.

ஒரு மதியம், கண்ணாடிகளைக் கழற்றி வைத்திருந்த நேரம். தங்கை தன் இரண்டு மாப்பிள்ளைகளைப் பற்றிப் புலம்பி முடித்திருந்தாள். நீலக் கறை அன்று "பாத்துக்கலாம்" சொல்லவில்லை.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டு இருக்கேன்டி."

நானும் தங்கையும் நீலக் கறை பக்கம் திரும்பினோம்.

"அந்த சர்வேயருக்கு ஒண்ணே முக்கால்தான் சரியான பவர். நான் ஒவ்வொரு தடவையும் ரெண்டுன்னு சொல்றேன். கால் பவர் கூடுதலா."

"ஏன்க்கா?" என்றேன்.

"மங்கலா இருந்தாத்தானே திரும்ப வருவாரு."

அதைச் சொன்ன குரல் என் அக்காவுடையதாகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரல். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஊரில் ஏதாவது ஒரு ரோடு கோணலாகப் போனால் அதற்கு என் அக்காவின் காதல்தான் காரணம்! ஆனால் நீலக் கறை குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அன்றும் பார்த்தோம் என்று சொல்ல முடியாது.

"கண்ணை நம்பிக் குடுக்கிறாங்க. நான் அதுல விளையாடிட்டேன். நாளைக்கு வருவாரு. உண்மையைச் சொல்லிட்டு, இனிமே எதிர்க்கடைக்குப் போங்கன்னு சொல்லிடப் போறேன். நானும் இனி டெஸ்ட் பண்ண மாட்டேன். அந்த யோக்கியதை எனக்கு இல்ல."

இவள் சொன்னால் செய்துவிடுவாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை ஆசைப்பட்டிருக்கிறாள். அதையும் விட்டுவிடுவாள், அவளுக்குத் தெரிந்த ஒரே தொழிலையும் விட்டுவிடுவாள். பிறகு எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

"அக்கா," என்றது மஞ்சள் கறை. "நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

"சும்மா இருடி."

"இல்லக்கா. நீ ரெண்டுன்னுதான் சொன்ன. நான் போடல. எனக்குப் பட்டறையில எல்லாம் கேக்குதே. ஒண்ணே முக்கால் வச்சப்பதான் அவரு நல்லா இருக்குன்னாரு. அப்புறம் நீ திறப்பு வழியா ரெண்டுன்னு சொல்ற. தப்புன்னு தெரிஞ்சே ஒரு லென்ஸைப் பொருத்த எனக்குக் கை வரல. ஒண்ணே முக்காலே போட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்தப்பல்லாம் அதே லென்ஸைத் துடைச்சுத் துடைச்சுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு வயசாகுது, தடுமாறுதுன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு..."

பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அவருக்கு நல்லாத்தான் தெரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் எதுக்கு மங்கலா இருக்குன்னு சொன்னாரு?"

நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் மேசையைத் தடவி அவரவர் கண்ணாடியைத் தேடினோம். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. அவசரத்தில் நான் தங்கையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அதன் வழியாகத் தலை சுற்றப் பார்த்தாலும், அக்காவின் காது மடல்வரை சிவந்திருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரம் கனவில் இருப்பவள்போல அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு பாவம், கோபம் வந்துவிட்டது.

"எங்கிட்டயே பொய் சொல்லியிருக்காரு!" என்று எழுந்தாள். "நான் இங்க ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம கெடக்கேன், அந்த மனுஷன் நல்லாத் தெரியுற கண்ணை வச்சுக்கிட்டு நாடகம் ஆடியிருக்காரு! வரட்டும் நாளைக்கு."

மறுநாள் வந்தார். வெளியே மழை தூறலாகி, தெரு முழுக்கப் பால்போன்ற வெளிச்சம். அவர் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இருட்டறைக்குள் போனார். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். தங்கை ஏற்கெனவே திறப்புக்குக் கீழே குந்தியிருந்தாள். அவளை இடித்துத் தள்ளி நானும் குந்தினேன்.

"சொல்லுங்க," என்றாள் அக்கா. குரல் விறைப்பாக இருந்தது. "மங்கலா இருக்கா?"

"ஆமாங்க. கொஞ்சம்."

விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பரிசோதனை நடக்கும்போது அக்கா அந்த அறையில் விளக்குப் போட்டு நாங்கள் கண்டதில்லை. திறப்பின் வழியே வெளிச்சம் எங்கள் தலைக்கு மேல் விழுந்தது.

"எங்க மங்கலா இருக்கு? சரியாச் சொல்லுங்க."



"இங்க இல்லீங்க. இங்க எல்லாம் நல்லாத்தான் தெரியுது. வீட்லதான். சாயங்காலம் கதவைத் திறந்து உள்ள போனா."

என் பக்கத்தில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் கோபம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. குரலிலேயே அது தெரிந்தது.

"நான் தெரிஞ்சே உங்களுக்குத் தப்பான பவர் சொன்னேங்க. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"அளக்கிறதுதானே என் பொழப்பு. நம்பர் மறக்காது. ஒண்ணே முக்கால்ல நான் நல்லா இருக்குன்னு சொன்னேன். நீங்க அந்தப் பக்கம் ரெண்டுன்னு குரல் குடுத்தீங்க. அன்னைக்கு வெளியில வந்து உக்காந்திருந்தப்ப, ரொம்ப வருஷம் கழிச்சு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. என்னைத் திரும்ப வர வைக்க ஒருத்தங்க நெனக்கிறாங்களேன்னு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா கண்ணாடியை மாட்டிப் பாத்தா பளிச்சுன்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இந்தச் சுவருக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவுல நீங்க மனசு மாத்திக்கிட்டீங்கன்னு நெனச்சுக்குவேன். மறுபடி ஒரு தடவை வந்து பாக்கலாம்னு வருவேன்."

கண்ணாடியை மாட்டிவிடும்போதெல்லாம் வாடிய அந்த முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் இரண்டும் குளமாகியிருந்தன. அவளுடைய நேர்மை ஒரு மனிதரை வாரா வாரம் கைவிட்டிருக்கிறது. அவளைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் தலை திறப்பின் விளிம்பில் இடித்து 'டங்' என்றது.

நாற்காலி நகர்ந்தது. அக்காவின் காலடி திறப்பை நோக்கி வந்தது. அவள் குனிந்து எங்களைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எப்போதும் கொடுக்கிற குரலில், கொஞ்சம் நடுக்கத்தோடு சொன்னாள்.

"ஒண்ணே முக்கால்."

"சரிக்கா," என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அவசரம் இல்ல. நிதானமாப் போடு. சாயங்காலம் அவரு வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்."

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் நம் கடையில் கிடையாதே என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை என் காலை நன்றாக மிதித்தாள்.