ரெக்கார்டில் உள்ளபடி

"பாட்டு நல்லா இருந்துச்சு. ஆனா அது அந்தப் பாட்டு இல்ல" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனதுதான் வினையாகப் போயிற்று. சனிக்கிழமைதோறும் ஒரு மாடி உணவகத்தில் பழைய பாட்டுகள் வாசிக்கும் சின்னக் குழு எங்களுடையது. கிடார் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். அக்கா பாடுவாள். ட்ரம்ஸுக்கு ஒரு பிளம்பர். டமாரம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பாஸ் கிடார் நான். பெரியவர் போனதும் மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. அவர்கள் ரெக்கார்டை ஒட்டி வாசிப்பார்கள். நான் சுருதி பிடிபட்டதும் மனம் போன போக்கில் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"வர்ற சனிக்கிழமை அந்தப் பாட்டை ரெக்கார்டுல உள்ளபடி வாசி" என்றார் அத்தான். "முடியலைன்னா சொல்லிடு. பாஸை மட்டும் பென்டிரைவ்ல போட்டு ஓடவிட்டுக்கலாம். இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"பென்டிரைவ் கோவிச்சுக்கவும் செய்யாது" என்று டமாரம் எடுத்துக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு ஸ்வரம் பிசகாம வாசிக்கிறேன். பிசகினா நானே மூட்டை கட்டிடறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எங்கள் வீட்டில் எனக்கு நிகர் நான்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பவர் கொஞ்சம் பிசகினாலும் வாங்கியவர் தலைவலியோடு வந்து நிற்பார். அங்கே என் இஷ்டத்துக்குத் தேய்க்க முடியுமா? பாட்டு மட்டும் என்ன இளப்பம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கைப்பேசியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத் துண்டு துண்டாகக் கேட்டேன். பாடகி தூக்கக் கலக்கத்தில் உளறுவது போல இழுக்க, அந்தக் குரலுக்கு அடியில் பாஸ்காரர் என்ன செய்கிறார் என்று தேடினேன். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கில்லாடி. நான் நாலு ஸ்வரம் போட்டு நிரப்புகிற இடத்தில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்தார். எனக்கு அந்தக் காத்திருப்புதான் வரவில்லை. விரல் தானாக ஓடியது. விரல் நுனி கன்றிப்போய், கடையில் லென்ஸைப் பிடித்தால் எரிந்தது. விடுவேனா?

இரண்டாம் சரணத்தில் ஓர் இடம் வந்தது. ஒரு முழு வரிக்கு அவர் வாசிக்கவே இல்லை. ஹெட்போன்தான் பழுதோ என்று அக்கா மகளுடையதை வாங்கிக் கேட்டேன். பழுதெல்லாம் இல்லை, அந்த வரியில் பாஸே கிடையாது.

ஒத்திகை டமாரத்தின் குழாய்க் கிடங்கில் நடந்தது. ஒழுங்காக வாசித்துக்கொண்டு வந்தவள் அந்த வரியில் கையை எடுத்தேன். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அத்தான் நேராகப் போய் ஆம்ப்ளிஃபயர் ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

"ஒயர் சரியாத்தான் இருக்கு அத்தான். அங்க ஒண்ணும் கிடையாது."

"என்ன கிடையாது? இத்தனை வருஷமா வாசிக்கிறோம்."

"நாமதான் வாசிக்கிறோம். அவர் வாசிக்கல."

போட்டுக் காட்டினேன். மூன்று தலைகள் ஸ்பீக்கரின் மேல் குனிந்தன. கேட்ட பிறகும் அத்தானுக்கு மனசு வரவில்லை. "அந்தாளுக்குத் தும்மல் வந்திருக்கும். நீ நிரப்பிடு" என்றார்.

"மாட்டேன். உள்ளபடின்னு சொன்னது நீங்கதான்."

அக்கா எங்கள் சண்டையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்த வரியில என் குரல் எனக்கே இன்னிக்குத்தான் கேட்டுது" என்றாள். அத்தான் உடனே கிடாரை எடுத்து அந்தச் சரணத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த வீட்டில் யார் ராஜ்ஜியம் என்பது ஊரறிந்த விஷயம்.

சனிக்கிழமை உணவகம் நிறைந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அத்தான் பென்டிரைவைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பாஸை மாட்டிக்கொண்டேன். பல்லவி, முதல் சரணம், கையெடுக்கும் வரி எல்லாம் உள்ளபடியே வந்தன. மூன்றாம் சரணத்தில்தான் அக்கா குட்டையைக் குழப்பினாள். முன் மேசைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதைப் பார்த்திருக்கிறாள். கடைசி வரியை முடிக்காமல் திரும்பப் பாடினாள். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக.

ரெக்கார்டில் அப்படி எதுவும் இல்லை. அத்தான் அடுத்த பகுதிக்குத் தாவி, வழி தெரியாமல் நின்றார். டமாரம் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? வாரம் முழுக்கக் கூட இருந்த பாஸ்காரர் இந்த இடத்துக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அக்காவின் மூச்சை மட்டும் கேட்டேன். அவள் இழுத்தபோது ஒரே ஸ்வரத்தில் நின்றேன், இறங்கியபோது கூடவே இறங்கினேன், கடைசித் தடவை கையை எடுத்துவிட்டேன். பிறகு ஒரு சின்ன ஏற்றம். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். இத்தனை வருஷம் மனம் போன போக்கில் வாசித்தபோது கிடைக்காத சந்தோஷம் அன்றைக்குக் கிடைத்தது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அத்தான் பக்கத்தில் வந்தார். பென்டிரைவ் பற்றிப் பேச்சில்லை.

"அடுத்த வாரம் அந்தக் கடைசி இடம்..."

"சொல்லுங்க."

"இன்னிக்கு வாசிச்ச மாதிரியே வேணும். ஒண்ணுகூட மாறக் கூடாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரோ கைப்பேசியில் பதிவு செய்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில் ஹெட்போனை மாட்டிப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். அந்த ஏற்றத்தில் பதிவிலிருக்கும் அந்தப் பாஸ்காரி என்ன வாசித்திருக்கிறாள் என்று எனக்கே பிடிபடவில்லை. திரும்பப் போட்டேன்.