கடல் மேல வந்துட்டிருக்கான்

அக்கா வேலை பார்க்கும் பிளேன் டிக்கெட் ஆபீசில் அவளுக்கு நிதானக்காரி என்று பெயர். "இருபத்திரண்டு மணி நேரத்துல போயிடலாம்னு கம்ப்யூட்டர் சொல்லும், நம்பாதீங்க. நடுவுல இறங்கி வேற பிளேன் ஏறணும். முதல் பிளேன் கொஞ்சம் லேட்டானாலும் அம்போன்னு நிப்பீங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பாட்டாகப் படிப்பாள். வானத்தில் பறக்கும் நேரம் வேறு, வீடு போய்ச் சேரும் நேரம் வேறு என்பது அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவள்தான், டாக்டர் கையை விரித்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, உலகத்தின் அந்தக் கோடியில் இருந்த தம்பிக்கு, இருப்பதிலேயே சீக்கிரம் வந்து சேரும் டிக்கெட்டைப் போட்டாள். நடுவில் பிளேன் மாற ஒரே ஒரு மணி நேரம். பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை, வேறென்ன சொல்ல!

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். படுத்த படுக்கையிலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எங்க வந்துட்டான்?"

"இப்பதான்பா கிளம்பியிருக்கான்."

"ஆகாசத்துல ஸ்டாப்பிங் உண்டா? எவனாவது கை காட்டினா நிறுத்திடப் போறான்."

மறுநாள் காலை தம்பியிடமிருந்து செய்தி வந்தது. முதல் பிளேன் தாமதம். அடுத்தது அவனை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. இனி நாளைக்குத்தான் இடம். கொஞ்சம் கூடுதலாக நேரம் பிடிக்கிற டிக்கெட்டைப் போட்டிருந்தால் இன்று மத்தியானமே வீட்டில் இருந்திருப்பான்.

"எங்க வந்துட்டான்?" என்றார் அப்பா.

"கடல் மேல வந்துட்டிருக்கான்பா. சாயங்காலம் வந்துடுவான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது?

மத்தியானம் போன் அடித்தது. தம்பிதான், நடுவழி ஏர்போர்ட்டிலிருந்து.

"அக்கா, அப்பாகிட்ட குடு. ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

அப்பா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். உடைந்தால்தான் என்ன? ஆயுசு முழுக்க லேட்டான பஸ்ஸை ஓட்டிய மனிதருக்கு வண்டி தவறுவது புரியாதா? இதெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த அறைக்கு நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தூங்கறாருடா. எழுந்ததும் நானே கூப்பிடறேன்."

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். "யாரும்மா?"

"ஆபீஸ்லேர்ந்துப்பா."

"பிளேன்ல இருக்கறப்ப அவனால பேச முடியாதில்ல?"

"முடியாதுப்பா."

"பரவால்ல, நேர்லயே பேசிக்கறேன்."

சாயங்காலம் முழுக்க வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தார். வெளிச்சம் மங்கும்போது போய்விட்டார்.

மறுநாள் தம்பி வந்தான். அழுது ஓய்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கூப்பிட்டப்ப அப்பா தூங்கிட்டிருந்தாரே, அது ஒண்ணுதான்க்கா ஆறுதல். முழிச்சிருந்து என் குரலுக்கு ஏங்கியிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவளால் முடியவில்லை.

"முழிச்சுட்டுதான்டா இருந்தாரு" என்றாள்.

தம்பி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டான்.