சம்பந்திகளின் திறப்பு

நகராட்சிக் கடிகாரத்தைப் பழுது பார்த்து ஓடவிட்ட வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஊரில் காய் அடுக்கி வைத்திருந்த எல்லாச் சதுரங்கப் பலகைகளிலும் வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய் யாரும் தொடாமலே இரண்டு கட்டம் நடந்தது. நூலகத்து வாசிப்பறையில் நடந்தது, தீயணைப்பு நிலையத்தில் நடந்தது, முடிதிருத்தும் கடையில் ஒரு கன்னம் மட்டும் மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவரின் கண்ணெதிரே நடந்தது. காற்று தள்ளியிருக்கும் என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எதிர்ப்பக்கத்துக் கறுப்புச் சிப்பாயும் இரண்டு கட்டம் வந்து நேருக்கு நேர் நின்றது. மறுநாள் நகராட்சி அறிவிப்புப் பலகையில், காய்கள் தாமாக நகர்வதால் பொதுமக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, குடிநீர் வழக்கம்போல் காலை ஆறு மணிக்கு வரும் என்று எழுதிப் போட்டார்கள். நூலகர் நாலு மாதம் வீடு வீடாகப் போய் விசாரித்து விதியைக் கண்டுபிடித்தார். ஊரில் ஏழு பேருக்கு மனப்பாடமாகிவிட்ட நகர்த்தல் எட்டாவது ஆளின் கைக்காகக் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். தெரிந்த சமாச்சாரத்துக்கு எதற்குக் கையை நீட்ட வேண்டும், நேரம் மிச்சம் என்று ஊர் நினைத்தது. வேலையைப் பார்க்கப் போனது.

பூட்டுக்கடைக்காரரின் மகளும் டெலிபோன் ஆபரேட்டரம்மாவின் மகனும் கல்யாணம் செய்துகொண்டது அதற்கடுத்த வருஷம். பூட்டுக்கடைக்காரரும் துணையை இழந்தவர், ஆபரேட்டரம்மாவும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளசுகள் சினிமாவுக்குக் கிளம்பிப் போனால் சம்பந்திகள் இருவரும் பூட்டுக்கடையின் பின்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து, சாப்பிட்டாச்சா என்பதையும் வெயில் ஜாஸ்தி என்பதையும் சொல்லி முடித்து, அப்புறம் சுவரைப் பார்ப்பார்கள். அந்த அறையில் ஆணியில் தொங்கிய சாவிகள் மட்டும் மூவாயிரம் இருக்கும். எவ்வளவு நேரம்தான் சாவியை எண்ணுவது? மூன்றாவது ஞாயிறு ஆபரேட்டரம்மா அலமாரிக்கு மேலிருந்த பலகையைக் காட்டி, "ஆடுவீங்களா சம்பந்தி?" என்றார். "சுமாரா ஆடுவேன் சம்பந்தியம்மா." "சுமாருன்னு சொல்றவங்கதான் கழுத்தறுப்பாங்க. எடுங்க பாப்போம்."

அந்த நாட்களில் ஊரே அள்ளிக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தது. ராஜாவின் சிப்பாய் நகர்ந்ததும் அதன் பக்கத்துச் சிப்பாயைத் தூக்கி எதிரியின் வாயில் வைப்பார்கள்; எதிரி அதைத் தின்னாவிட்டால் கோழை என்று பெயர் வரும்; தின்றால் குதிரையும் யானையும் பாய்ந்து வந்து இருபது நகர்த்தலில் வீடு புகுந்துவிடும். பூட்டுக்கடைக்காரர் இதில் பெரிய கை. சிப்பாய் போதாதென்று குதிரையையும் கொடுப்பார், சில சமயம் ராணியையே கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆபரேட்டரம்மா நீட்டிய சிப்பாயை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். மூன்று நகர்த்தல் கழித்து, வேண்டாத விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிடுவதுபோல, நடுக்கட்டத்தில் இன்னொரு சிப்பாயாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பூட்டுக்கடைக்காரரிடம் பாய ஒன்றும் மிச்சமில்லை. "கொடுத்ததைத் திருப்பித் தந்தா என்னம்மா நியாயம்?" என்று கேட்டார். "கடன் வெச்சுக்கறது எங்க பரம்பரையிலேயே கிடையாது சம்பந்தி" என்றார் அந்த அம்மா. செய்தி தீயணைப்பு நிலையத்துக்கும் முடிதிருத்தும் கடைக்கும் பரவியது. இந்தப் பதில் ஏழு பேருக்கு மனப்பாடம் ஆனதும், கொடுப்பதற்கென்று நீட்டும் அந்தச் சிப்பாய் எந்தப் பலகையிலும் முன்னே வர மறுத்தது. விரலால் தள்ளினாலும் கூப்பிட்ட குரலுக்கு வராத பூனைபோல அதே கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. தீயணைப்பு வீரர்கள் ஒரு வாரம் வருத்தமாக இருந்தார்கள்.

பிறகு திறப்புகள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறைகள், ஒவ்வொன்றாகப் பிறந்தன, ஊர் அவற்றுக்குப் பெயர் வைத்தது. பல் டாக்டர் கண்டுபிடித்ததில் முதல் பத்து நகர்த்தலுக்கு வலியே தெரியாது, பதினோராவதில் உயிர் போகும். சாயப்பட்டறைத் தெருத் தற்காப்பு என்று ஒன்று, அங்கே குடியிருந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் நம்பாமல் ஆடி ஆடி உருவானது. ராஜாவின் சிப்பாய் கிளம்புமுன் கை முந்தி ராணியின் சிப்பாயை நடத்தும் பழக்கம் வந்தபோது, பெரியவர்கள் இது ஆட்டமா, பஞ்சாயத்தா என்று அலுத்துக்கொண்டார்கள்; இரண்டே வருஷத்தில் அவர்களும் அதையே ஆடினார்கள். ஒரு ஞாயிறு ஆபரேட்டரம்மாவும் அப்படிக் கை முந்தி, நடுக்கட்டங்களில் ஒரு காயையும் வைக்காமல் மொத்தத்தையும் எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மூலை ஓரத்தில் ஒரு மந்திரியை மட்டும் சாய்வாக நிறுத்தினார். பூட்டுக்கடைக்காரர் சந்தோஷமாக நடு வீட்டை நிரப்பினார். பதினைந்தாவது நகர்த்தலில் அந்த மூலை மந்திரி அடியில் ஒரு செங்கல்லை உருவியது, நடு வீடு மொத்தமும் சரிந்தது. "இது எங்க கத்துக்கிட்டீங்க?" "உங்க பொண்ணுகிட்டதான். கல்யாணமாகி வந்தப்ப அடுக்களை, அலமாரி, சாவிக்கொத்து எல்லாம் எங்கிட்டயே விட்டுட்டா. நானும் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். இப்ப என் வீட்ல தேங்கா எண்ணெ எங்க இருக்குன்னு அவளைத்தான் கேக்கணும்." அது முதல் அதற்கு மருமகள் திறப்பு என்று பெயர். ஊரில் பல மாமியார்கள் அதை எதிர்த்து ஆட மறுத்தார்கள் என்று நூலகரின் குறிப்பேட்டில் இருக்கிறது.

நூலகர் வருஷா வருஷம் திறப்புகளைத் தொகுத்துச் சிறு புத்தகம் போடுவார். முதல் வருஷம் எட்டுப் பக்கம், சட்டைப் பையில் அடங்கும். ஆறாம் வருஷம் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கலாம். அதைப் படித்தவர்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆக ஆக, காய்கள் தாமாக நடக்கும் தூரமும் கூடிற்று. முதலில் இரண்டு நகர்த்தல், அப்புறம் ஏழு, அப்புறம் பன்னிரண்டு. சம்பந்திகள் காப்பியை ஆற்றிக்கொண்டே பார்த்திருப்பார்கள். குதிரைகள் வெளியே வரும், மந்திரிகள் தமக்குரிய கோட்டில் நிற்கும், ராஜாக்கள் கோட்டைக்குள் போய் உட்காரும். எல்லாம் அமைதியானதும், "சரி, இனி நாம" என்று கை வைப்பார்கள்.

இப்படி ஏழு வருஷம் போனபின் மகளும் மருமகனும் பிரிந்தார்கள். சத்தமில்லை, கூச்சலில்லை, பக்கத்து வீட்டாருக்குக்கூட வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது. பூட்டுக்கடைக்காரர் மகளை உட்காரவைத்துக் கேட்டார். "சண்டையா போட்டீங்க?" "சண்டையே இல்லப்பா, அதான் பிரச்சினை. நான் என்ன சொல்லுவேன்னு அவருக்குத் தெரியும், அவர் என்ன பதில் சொல்லுவார்னு எனக்குத் தெரியும். காலைல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் எல்லாம் தானா நடந்துருது. நாங்க ரெண்டு பேரும் சும்மா பாத்துட்டு இருக்கோம்." அவள் துறைமுக நகரத்தில் வேலை கிடைத்துப் போனாள். அந்தப் பையன் வேறு திசையில் மாற்றல் வாங்கிக்கொண்டான். இருவரும் பிறந்தநாளுக்கு ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்புவதாகத் தபால்காரர் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூட்டுக்கடைக்காரர் காயை அடுக்கலாமா வேண்டாமா என்று நின்றார். உறவு அறுந்த வீட்டார் இனி எதற்கு வருவார்கள்? மூன்று மணிக்கு ஆபரேட்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். பேசவேண்டியது நிறைய இருந்தது, ஆனால் தாமாக நடக்கும் பதினெட்டு நகர்த்தலும் முடிகிறவரை இருவரும் காய்களையே பார்த்தார்கள். "உங்களை இனி என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டார் அவர் கடைசியில். "ஆட்டத்துல கூப்பிடறதுக்கு என்ன இருக்கு? உங்க முறை வந்தா நகத்துங்க" என்றார் அந்த அம்மா. அதனால் அவர்கள் பல வருஷம் ஒருவரையொருவர் எதுவும் கூப்பிடாமலே ஆடினார்கள்.

தாமாக நடக்கும் பதினெட்டு நகர்த்தல் இருபத்தைந்தானது. கம்ப்யூட்டர் வகுப்பு திறந்த வருஷம் பெரிய விபரீதம் நடந்தது. ஒரு மனிதன் ஆயுசு முழுக்க உட்கார்ந்து யோசிப்பதை அந்தப் பெட்டி மத்தியானத்துக்குள் யோசித்து, எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டது. ஒரு பெட்டியை ஏழு பேராகக் கணக்கில் கொள்ளலாமா என்று நூலகர் குழம்பிக்கொண்டிருந்தபோதே பலகைகள் கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டன. முப்பது, நாற்பது, அப்புறம் அறுபது. அதே வருஷம் டெலிபோன் நிலையத்தில் தானியங்கி வந்து ஆபரேட்டரம்மாவைப் பூச்செண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்ததும் காய்கள் கிளம்பின. திறப்பு நடந்தது, நடு ஆட்டம் நடந்தது, காய்கள் ஒன்றையொன்று மரியாதையாக வெட்டிக்கொண்டு பலகையைவிட்டு இறங்கின, இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சி எதிரெதிரே நின்றன. டிரா. நாலே நிமிடம். காப்பி இன்னும் ஆறவில்லை. "அங்கயும் இதே கதை. நம்பரைச் சுத்தினா தானா போய்ச் சேருது" என்றார் ஆபரேட்டரம்மா. குடையைக் கையில் எடுத்தார். "அப்ப நான் வரட்டுமா?" இருங்கள் என்று சொல்லப் பூட்டுக்கடைக்காரருக்கு ஓர் உறவுமுறை இல்லை, கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை. குடை தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அந்த அம்மா வரவில்லை.

பூட்டுக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இதைச் சமாளிக்கப் பார்த்தார். பதினோரு நாள் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிசிமணி அளவில் முப்பத்திரண்டு பூட்டுகள் செய்தார். ஒவ்வொரு காயையும் அதனதன் கட்டத்தோடு பிணைத்துப் பூட்டினார். ராஜாவின் சிப்பாய் திமிறியது, பலகை மேஜையோடு சேர்ந்து இரண்டு அங்குலம் நகர்ந்தது, ஆனால் பூட்டு நின்றது. அப்புறம் ஆபரேட்டரம்மாவின் வீட்டுக்கே நடந்து போனார். பிள்ளைகள் பிரிந்த பிறகு அதுதான் முதல் தடவை. "காயெல்லாத்தையும் பூட்டிட்டேன். இனிமே தானா போகாது. நீங்க ஒருவாட்டி வந்து பாக்கணும்" என்றார் வாசலில் நின்றபடியே.

அந்த அம்மா வந்து பார்த்தார். முப்பத்திரண்டு பூட்டுகளையும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் பூட்டிட்டா நாம எப்படி ஆடறது சம்பந்தி?"

சம்பந்தி என்ற சொல் அந்த அறையில் விழுந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பூட்டுக்கடைக்காரர் சட்டைப்பையில் இல்லாத எதையோ தேடினார். "பசங்கதான் பிரிஞ்சாங்க. நாம எப்பப் பிரிஞ்சோம்? யாரும் எங்கிட்ட கையெழுத்து வாங்கலையே" என்றார் ஆபரேட்டரம்மா. "சாவியைக் கொடுங்க."

பூட்டுகளைத் திறந்தார்கள், அதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. பின்வரிசைக் காய்களை விடுவித்ததும், அவை ஓடுவதற்குள் அந்த அம்மா எட்டையும் இரண்டு கையாலும் அள்ளினார். முப்பது வருஷம் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெரியும், ராங் நம்பரில்தான் யாரும் எதிர்பாராத பேச்சு நடக்கும். யானை இருக்க வேண்டிய மூலையில் மந்திரியைச் செருகினார், ராணியைக் குதிரைப் பக்கம் தள்ளினார், ராஜாவை இரண்டு யானைகளுக்கு நடுவே எங்கோ வைத்தார். எதிர்ப்பக்கத்தையும் அதேபோல் மாற்றிய பிறகே சிப்பாய்களின் பூட்டைத் திறந்தார்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய் ஒரு தடவை ஆடியது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திரும்பியது. பிறகு சும்மா நின்றுவிட்டது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பூட்டுக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. அந்த முதல் நகர்த்தலுக்கு அவர் ஐம்பது நிமிடம் யோசித்தார், யோசிக்கிற சாக்கில் மகளைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா பதில் நகர்த்தலுக்கு யோசித்த சாக்கில் மகனைப் பற்றிச் சொன்னார். துறைமுக நகரத்திலிருந்து மகள் போன் பண்ணியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "என்னப்பா பண்றீங்க?" "ஆடிட்டு இருக்கோம்மா." "இன்னுமா? யாரு ஜெயிக்கறா?" "தெரியலையே" என்றார் அவர். குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

இப்போது ஊரில் எல்லோரும் பின்வரிசையைக் கலைத்துத்தான் ஆடுகிறார்கள். அப்படி அடுக்க ஆயிரத்துக்கு நாற்பது குறைவான வழிகள் உண்டென்றும், கம்ப்யூட்டர் அத்தனையையும் கரைத்துக் குடித்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் பலகைகள் மலைத்துப்போய் ஐந்தாறு நகர்த்தலுக்கு மேல் துணிவதில்லை என்றும் நூலகர் எழுதியிருக்கிறார். பழைய வரிசையில் அடுக்கிய பலகை இன்றும் யாரும் தொடாமலே நாலு நிமிடத்தில் டிராவில் முடிகிறது. ஒரு நொடி கூடுவதில்லை, குறைவதில்லை. அதனால் பெரும்பாலான வீடுகளில் அதை அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு ராஜாக்கள் தனியாக நின்றதும் தீயை அணைத்தால் முட்டை சரியான பதத்தில் வெந்திருக்கும்.