வலம் வந்த வெள்ளாடுகள்

அண்ணாமலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். குமரகுருவுக்கு மட்டும் அது கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரியும்.

குமரகுரு, மலைப் பசுமைக் காவலர் பேரவையின் நிறுவனத் தலைவர். இணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். ‘இணை’யை மெல்லிய குரலிலும் ‘இயக்குந’ரைப் பலமாகவும் சொல்லுவார். ரமணாசிரமத்துக்குப் பின்னால் அடுக்குமாடி வீட்டில் குடிவந்த சில மாதங்களிலேயே, மலையைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அதுவரை பல கோடி ஆண்டுகளாக மலை எப்படியோ சமாளித்து வந்திருக்கிறது.

பேரவைக்கு விதிகள் உண்டு. ரோந்து போகும்போது காலில் செருப்புக் கூடாது. மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நகர வேண்டும். வண்டியில் போனாலும் அப்படியே. ஆசிரமத்திலிருந்து ஊருக்குள் போவதென்றால் இடமாகத்தான் போக முடியும் என்பதால், தலைவர் காய்கறியைப் போனில் வரவழைத்துக்கொள்வார். கொண்டு வருகிறவன் எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகிறான் என்பது அவனுடைய கர்மம்.

மலையின் எதிரி யார் என்று முதல் கூட்டத்தில் விவாதித்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வரும் பக்தர்கள் வீசிவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில்களை ஒருவர் நினைவூட்டினார். பாட்டில் போடுகிறவர்கள் நன்கொடையும் போடுகிறார்கள் என்று இன்னொருவர் நினைவூட்டினார். ஆகவே, எதிரி ஆடுதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

எழிலரசியிடம் அப்படிப்பட்ட எதிரிகள் பதினொன்று இருந்தன. அவள் மலையின் பின்பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரி. பி.காம். படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருஷம் கணக்கு எடுத்தாள். சம்பளத்தைக் கேட்டால் தாளாளர் ‘சேவை மனப்பான்மை’ பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்துவிட்டாள். சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய வெள்ளாடுகள் பெருகிப் பதினொன்றாகி, வீட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டன. ஆடுகள் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுவதில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் மேய்ச்சலுக்கு மலையடிவாரத்தை விட்டால் வேறு இடமில்லை. ஊரின் மேய்ச்சல் நிலம் முழுக்கத் தங்கும் விடுதிகளாகிவிட்டது. அடிவாரமோ காப்புக்காடு. வனக்காவலர் கோதண்டராமன் அவளை ஏற்கெனவே இரண்டு தடவை பிடித்து அபராதம் போட்டிருந்தார்.

“இதோ பாரும்மா. மூணாவது தடவை மாட்டுனா ஆட்டையே புடிச்சி ஏலத்துல வுட்டுருவாங்க. அப்புறம் அண்ணா, நொண்ணான்னா என் கைல ஒண்ணும் இல்ல” என்று அவர் சொல்லியிருந்தார்.

ஏலம் விட்டால் எழிலரசி மறுபடி தாளாளர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கோதண்டராமனுக்கு ஒரே ஆளாய்ப் பெரிய காடு. அதனால் கண்காணிப்புக்குப் பேரவை கைகொடுத்தது. காலையில் தலைவர், ஓட்டல் வைத்திருக்கும் பிரகாஷ், யோகா சொல்லித்தரும் வினோதினி ஆகிய மூவரும் பச்சைச் சட்டையில் கிளம்புவார்கள். ஆசிரமத்தருகே ஆரம்பித்து, அடி அண்ணாமலையைத் தாண்டி, வடக்குச் சரிவு வழியாக வலமாக வருவார்கள்.

எழிலரசியின் ஆடுகள் மேய்வது அந்த வடக்குச் சரிவில்தான். முதல் நாள் பச்சைச் சட்டைகளைக் கண்டதும் புதருக்குள் ஆடுகளோடு பதுங்கிக்கொண்டாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அப்புறம்தான் கடைக்குட்டி ஆடு ‘மே’ என்றது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். எழிலரசி ஆடுகளை விரட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், மூவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்!

“தலைவரே, திரும்பிப் போனா இடமா போன மாதிரி ஆயிருமே” என்றார் பிரகாஷ்.

“அதான் யோசிக்கிறேன்.”

“யோசிக்கிறதுக்குள்ள போயிருவாங்க சார்” என்றாள் வினோதினி.

“வலமாவே போய்ப் பிடிப்போம். மலை உருண்டைதானே?”

மிச்சமிருந்த பதினோரு சொச்சம் கிலோமீட்டரைச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. எழிலரசி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. பச்சைச் சட்டை தன்னைத் தாண்டும்வரை பொறுத்திருந்தால் போதும். தாண்டிவிட்டால் அவர்கள் உலகத்தின் மறுபக்கம் போனதுபோல.

“போய்ட்டு வாங்க சார், நல்லபடியா சுத்திட்டு வாங்க” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கையாட்டவும் ஆரம்பித்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. ஆடு மேய்த்ததைக்கூடப் பொறுத்துக்கொண்ட தலைவரால் கையாட்டலைப் பொறுக்க முடியவில்லை.

அவர் கோதண்டராமனை அழைத்து, “நீங்க இடமா வந்து எதிர்ல மடக்குங்க. பாவம் கீவம் பாக்காதீங்க, உங்களுக்கு டியூட்டி” என்றார்.

“பாவம்னா உங்களுக்கு ஆவாது, எனக்கு வந்தா பரவால்லியா சார்?” என்று கேட்டுவிட்டுக் கோதண்டராமன் வேறு சரிவுக்குப் போய்விட்டார்.

கடைசியில் குமரகுரு கோயிலுக்குப் போனார். (போகும்போது வலமாகவே, முக்கால் மலையைச் சுற்றிக்கொண்டு.) பிரதோஷக் கூட்டத்தில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த தியாகேசன் குருக்களைப் பிடித்து, ஒரு நல்ல காரியத்துக்காகக் கொஞ்ச தூரம் இடமாக நடந்தால் பரிகாரம் உண்டா என்று கேட்டார்.

குருக்கள் வரிசையைப் பார்த்தார். வரிசை நீளமாக இருந்தது. “எவ்வளவு தூரம் இடமா போனேளோ, அதைவிட ஜாஸ்தியா வலமா நடந்துடுங்கோ. நேராயிடும். அடுத்தவாளுக்கு வழி விடுங்கோ” என்றார்.

மறுநாள் காலை எழிலரசி வழக்கம்போலப் பச்சைச் சட்டைகளைத் தாண்டவிட்டு, சாலைக்கு ஆடுகளை இறக்கி, கையை ஆட்டினாள். மூவரும் திரும்பினார்கள். திரும்பியதோடு ஓடியும் வந்தார்கள். சாஸ்திரமே தன்னைக் கைவிட்டதுபோல, ஆட்டிய கையை இறக்காமலே அவள் நின்றாள். ஊர் எல்லையில், கிரிவலப் பாதையின் நடுவில், பதினொரு ஆடுகளும் வளைக்கப்பட்டன.

“இதான மூணாவது தடவை?” என்றார் தலைவர், மூச்சு வாங்க.

“சார், வுட்ருங்க சார். இத நம்பித்தான் வேலைய வுட்டேன்.”

“மலைய நம்பி நாங்க வேலைய விட்டோம்மா.”

“நீங்க ரிடையர்டு ஆயிட்டுதான சார் வந்தீங்க?”

தலைவர் ஆடுகளை எண்ண ஆரம்பித்தார். ஆடுகளை வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஒப்படைக்க வேண்டும். சாவடி செங்கம் சாலைப் பக்கம், அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் இடப்பக்கம்.

மூவரும் கூடிப் பேசினார்கள். இன்னும் இடமாகப் போனால் கடன் ஏறும். வலமாகவே ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் குருக்கள் சொன்ன பரிகாரமும் தீரும், ஆடும் போய்ச் சேரும். ஒரே நடையில் இரண்டு புண்ணியம். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் எழிலரசி கணவன் கோபிக்குப் போன் போட்டாள்.

“இன்னாங்க, ஆட்டோவ எடுத்துனு வாங்க. செக்போஸ்ட்டுக்குப் போவணும்.”

“ஆடு?”

“ஆடு கிரிவலம் போவுது.”

ஆடு என்பது ஓட்டினால் போகும் பொருள் என்று குமரகுரு நினைத்திருந்தார். ஆனால், பாதையோரத்து ஒவ்வொரு லிங்கக் கோயிலின் வாசலிலும் அவை வாழைப்பழத் தோலுக்காக நின்றன. ஊருக்குள் பூக்கடையில் ஒரு முழம் மல்லியைத் தின்றன. பிரகாஷ் அதற்குக் காசு கொடுத்தார். பெரிய கோபுரத்தெதிரே வெளியூர் பக்தர் ஒருவர், ஆடு மேய்க்கும் சாமியார் என்று நினைத்து, குமரகுருவின் காலில் விழுந்தார். அதை அவர் தடுக்கவில்லை. ஆசிரமத்தருகே வரும்போது வினோதினிக்குக் குதிகால் வெடித்து, ஒரு டீக்கடையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் பதினொரு ஆடும் சாவடியை நெருங்கியபோது, எழிலரசி கோபியின் ஆட்டோவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோதண்டராமன் நின்றிருந்தார்.

சாவடியை ஒட்டிய காட்டு விளிம்பில்தான் பேரவையின் ‘பசுமைச் சோலை’. முந்நூறு கன்றுகள். வாசலில் கன்றுகளைவிடப் பெரிய கல்வெட்டு, அதில் கன்றுகளைவிடப் பெரிய எழுத்தில் தலைவர் பெயர். மறுநாள் காலை சென்னையிலிருந்து நன்கொடையாளர்கள் பார்வையிட வருவதாக இருந்தது.

நாள் முழுக்க நடந்து பசித்திருந்த ஆடுகள் கம்பிவேலியின் இடைவெளியைக் கண்டன. உள்ளே போயின.

“ஏய்! ஹோய்! வெளிய வா!” என்று தலைவர் கத்தினார். இணை இயக்குநராக இருந்த காலத்தில் அந்தக் குரலுக்கு ஒரு தளம் முழுக்க எழுந்து நிற்கும். ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரகாஷ் ஒன்றைப் பிடிக்கப் போய் முள்ளில் உட்கார்ந்தார்.

“கோதண்டராமன்! பாத்துட்டு நிக்கிறீங்களே! இது காப்புக்காடுதானே?”

“ஆமா சார். காப்புக்காடுதான். ஓட்டினு வந்தது நீங்க. எழுதிக்கட்டுமா?”

“ஆடு அந்தம்மாவோடது!”

“அதுவும் சரிதான். காலைல எங்க சார் புடிச்சீங்க? காட்லயா, ரோட்லயா? காட்லன்னா அவங்க மேல மூணாவது கேசு. ரோட்லன்னா எங்களுக்குச் சம்பந்தம் கிடையாது.”

எழிலரசி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“சார், நான் ஒரு சவுண்டு குடுத்தா எல்லாம் வெளிய வந்துரும். நீங்க இந்த அண்ணாவுக்குப் பதில் சொல்லிட்டீங்கன்னா குடுக்கறேன்.”

“மிரட்டறியா?”

“ஐயோ, இல்ல சார். நீங்க பொறுமையா யோசிங்க. அதுங்க சாப்புடட்டும்.”

ஒரு வேப்பங்கன்று போயிற்று. அடுத்து வில்வம். ஆடு வில்வத்தைப் பக்தியோடு தின்றது. வாழ்நாள் முழுக்கப் பொய்யே சொன்னதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவந்த குமரகுரு, மூன்றாவதாகப் புங்கங்கன்று சாயும்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

“ரோட்ல.”

“சத்தமா சொல்லுங்க சார். வண்டிச் சத்தம்.”

“ரோட்லதான் புடிச்சோம்!”

எழிலரசி நாக்கைச் சொடுக்கி ஒரு குரல் கொடுத்தாள். பதினொன்றும் வாயில் இலையோடு வேலியைத் தாண்டி வந்து அவளைச் சுற்றி நின்றன. அவள் அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. கோபி ஆட்டோவை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் போனான்.

மறுநாள் நன்கொடையாளர்கள் காரில் வந்து இறங்கினார்கள். சோலையின் முகப்பில் வரிசையாக வெறும் குச்சிகள். தலைவர் முகத்தில் கவலையே இல்லை. இரவெல்லாம் யோசித்திருந்தார்.

“மான் வந்திருக்கு. எத்தனையோ வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத புள்ளிமான், நாம வெச்ச கன்னுங்களத் தேடி வந்திருக்கு. இதைவிட வெற்றி வேணுமா?” என்றார் தழுதழுத்த குரலில்.

எல்லோரும் கைதட்டினார்கள். மான்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட அங்கேயே நன்கொடை அறிவிக்கப்பட்டது. பட்டுப்புடவை அம்மையார் ஒருவர் கீழே கிடந்த புழுக்கையைக் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்.

“மான் இன்னும் பக்கத்துலதான் இருக்குமா?” என்று கோதண்டராமனிடம் ரகசியக் குரலில் கேட்டார்.

“இருக்கும்மா. இப்ப வடக்குச் சரிவுல மேயும்” என்றார் அவர்.