கவுன்ட்டருக்குக் கீழே ஒரு கால்

மனிதகுலத்துக்கு வரும் நோய்களில் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டை டாக்டர் இல்லாமலே தீர்த்துவிடலாம். மீதி ஒரு விழுக்காடு டாக்டரால் வருவது. இதை மருந்துக்கடைக்காரர் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்க மாட்டார்கள், வலியோடு வந்தவர்கள்.

அவருடைய வைத்தியம் சுருக்கமானது. "எங்க வலி?" என்பார். பதில் முடிவதற்குள் கை பின்னால் இருக்கும் அலமாரிக்குப் போய்விடும். கவுன்ட்டர் நெஞ்சுயரம் என்பதால் வந்தவர் யாருடைய காலையும் அவர் பார்த்ததில்லை.

கடை வாசலில் படுத்திருக்கும் அவருடைய நாய்க்கு மேனேஜர் என்று பெயர். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும். வேறு வேலை செய்யாது. ஒரு திங்கட்கிழமை காலை அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. திடீர்னு நொண்டுது. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றார் மனைவி.

"போயி? டோக்கன் வாங்கிட்டு எருமைக்கும் ஆட்டுக்கும் நடுவுல நான் உக்காரணுமா? இருபது வருஷமா ஊருக்கே மருந்து குடுக்கறவன்டி நான்."

"ஊரு நாலு கால்ல நடக்கலையே."

அவர் நாயை எடை மெஷினில் ஏற்றினார். பதினெட்டுக் கிலோ. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு மாத்திரை என்றால் இதற்கு எவ்வளவு என்று பேனா பிடித்துக் கணக்குப் போட்டார். கணக்கில் பிழையே இல்லை. வலி மாத்திரையை உடைத்து, பிஸ்கட்டுக்குள் வைத்து, காலையும் மாலையும் கொடுத்தார்.

செவ்வாயன்று மேனேஜர் நான்கு காலிலும் நடந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை நடக்கவைத்துக் காட்டினார். "டாக்டர் மூஞ்சியவே பாக்காத நாய், பாத்துக்கங்க."

புதனன்று அது சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலை கறுப்பாக வாந்தியெடுத்து, அதன்மேலேயே படுத்துக் கிடந்தது.

மாட்டாஸ்பத்திரி வரிசையில் இருந்தவர்கள் நாயைப் பார்த்ததும் பேசாமல் வழிவிட்டார்கள். அது நல்ல அறிகுறி அல்ல.

மருத்துவரம்மா முதலில் பாதத்தைத் திருப்பினார். விரலிடுக்கிலிருந்து அரிசியளவு கண்ணாடித்துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார்.

"இதுக்குத்தான் நொண்டியிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. என்ன குடுத்தீங்க?"

அவர் மாத்திரையின் பெயரைச் சொன்னார்.

"அது நாய்க்கு விஷம் சார். வயிறு புண்ணாகி, கிட்னியும் போயிடுச்சு."

"எடை பாத்துத்தான் குடுத்தேன்."

"கால பாத்தீங்களா?"

மதியத்துக்குள் மேனேஜர் செத்துப்போனது. மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, "நாள்கணக்கா தின்னா மனுஷங்க கிட்னிக்கும் இது ஆகாது. வீட்ல வேற யாருக்காச்சும் இதையே குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

அவர் திரும்பிப் பார்த்தார். மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக அதே மாத்திரையை விழுங்கிவரும் மனைவி, சுவரைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குப் பின்னால் மனைவியோடு நின்றார். கடைக்கு வழக்கமாக முதுகுவலி என்று வரும் கொத்தனார் அங்கே அவரைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, உங்களுக்கே டாக்டரா?"

"என்ன நோவுன்னு பாக்காம மாத்திரை குடுக்கறது வைத்தியம் இல்லப்பா. வலி வந்து கூப்பிடுது, நான் அது வாய அடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார். பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டார். "நீயும் வந்து நில்லு. முதுகக் காட்டிட்டுப் போ."