ஏட்டின் அடிச்சொல்

வாத்தியார் அக்விசா வகுப்புக்குள் நுழைந்தபோது அவருடைய நாற்காலியில் ஸீதி பாபா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பெற்றோர். அவர்களையும் அவர்தான் கூட்டி வந்திருந்தார்.

திம்புக்டுவில் ஸீதி பாபா வீட்டில் இருக்கும் அளவுக்குப் பழஞ்சுவடி வேறு எந்த வீட்டிலும் இல்லை. அந்தக் காலத்து ஆள் எழுதிய ஏட்டையே பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரித்திரம் கற்க வேண்டும் என்று அக்விசா கெஞ்சியபோது, ஒரு தாள் தர மறுத்த மனுஷன் அவர். "அடிமை வம்சத்தான் நம்ம பிள்ளைகளுக்கு வாத்தியாரா?" என்று ஒரு மாதமாக ஊரைக் கிளறிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் அக்விசாவின் வேலை இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும்.

"இந்தாங்க வாத்தியாரே, எங்க முப்பாட்டன் எழுதின ஐந்நூறு வருஷத்து ஏடு" என்று ஒற்றைத் தாளை நீட்டினார். "அசல்னா உங்களுக்கு உசுராச்சே. சத்தமாப் படிங்க."

அரபி எழுத்து மணிமணியாக இருந்தது. அக்விசா படித்தார். "எனக்கு உரியவை: வடக்குக் கிணறு, என் ஒட்டகங்கள், ஃபராஜ் என்னும் அடிமை..."

அக்விசாவின் குலத்து முதல் பாட்டன் பெயர் ஃபராஜ். ஊருக்கே தெரியும். பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அக்விசாவுக்குத் தாளைக் கிழித்து ஸீதி பாபாவின் வாயில் திணிக்க வேண்டும்போல் இருந்தது.

"ஒட்டகத்துக்கு அடுத்ததா உங்க பாட்டன்!" என்றார் ஸீதி பாபா. "பலகையில நல்லா எழுதிப் போடுங்க, பிள்ளைங்க பார்க்கட்டும்."

அக்விசா எழுதிப்போட்டார். பிறகு, ஒவ்வொரு ஏட்டுக்கும் கேட்கிற கேள்வியை இதற்கும் கேட்டார்.

"இந்தத் தாளோட ஏடு முடிஞ்சிருச்சா?"

தைக்காத தாள்கள் கலைந்துபோகாமல் இருக்க, அடுத்த தாளின் முதல் சொல்லை இந்தத் தாளின் அடியில் எழுதிவைப்பது பழைய எழுத்தர்களின் வழக்கம். பிள்ளைகள் முதல் வாரமே கற்ற பாடம் அது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"முடியல சார்! அடியில 'அவனையோ'ன்னு இருக்கு!"

"அடுத்த தாள் எங்கே?" என்றார் அக்விசா.

"கரையான் தின்னுருச்சு."

"இல்ல வாப்பா." எழுந்தவள் அவ்சா, ஸீதி பாபாவின் மகள். "பச்சைப் பெட்டியில இருக்கு. நான்தானே வரிசை பண்ணி அடுக்கினேன்."

"வாயை மூடு, கழுதை!" அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "நாளையிலேர்ந்து உனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது!"

வாசல்படியில் காலை ஊன்றிக்கொண்டு, அழுதபடியே அவள் ஒப்பித்தாள். "'அவனையோ அல்லாஹ்வுக்காக விடுதலை செய்தேன். அவன்மேலும் அவன் மக்கள்மேலும் என் வாரிசு எவனுக்கும் உரிமை இல்லை. உரிமை கேட்பவன் என் பிள்ளை இல்லை.'"

ஜன்னலில் நின்றவர்கள் ஸீதி பாபாவையே பார்த்தார்கள். அவர் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அக்விசாவின் வேலைக்கு ஆபத்தில்லை. திங்கட்கிழமை வருகைப் பதிவில் அவ்சாவின் பெயரைக் கூப்பிட்டார்; பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார்.